மிச்சம் இரண்டு வயர்

வியாழன்

உதயராஜ் அண்ணனின் வேனுக்குச் செவ்வாய்க்கிழமை நான் பூட்டிய ரேடியோ சரியாக இழுக்கவில்லை. இன்று காலை பத்து மணிக்கு வேனோடு கடைக்கு வந்து சொன்னார். சத்தம் போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. மெதுவாகச் சொன்னார்.

நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன். எந்த இடத்தில் பிழைவிட்டேன் என்று பிறகு தேட உதவும்.

அவர் மலைத் தோட்டத்தின் மேல் பகுதியில், மேற்கணக்கு லய வீடுகளிலிருந்து, பதினான்கு பிள்ளைகளை யட்டியாந்தோட்டைக்குப் பள்ளிக்கூடம் ஏற்றிவருகிறவர். வழியில் கோயில் முடக்கில், அந்த வளைவில், ரோடு இரண்டாகப் பிரிகிறது. மேல் ரோட்டில் வந்தால் இருபது நிமிடம்தான், ஆனால் வெட்டிய மண்மேட்டின் ஓரமாகவே வரவேண்டும். கீழ் ரோடு ஆற்றோரமாகச் சுற்றி வருகிறது, ஐம்பது நிமிடம் எடுக்கும். மழைக் காலத்தில் அவர் காலை ஆறு மணிக்குச் சரியாக முடக்கில் வேனை நிறுத்துவார். தமிழ்ச் செய்தியில் மண்சரிவு எச்சரிக்கைக்கு எங்கள் பகுதியின் பெயரை வாசிக்கிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் எந்த ரோடு என்று முடிவு செய்வார். அந்த இடத்தில் ஃபோனுக்கு சிக்னல் கிடையாது. வேன் ரேடியோ ஒன்றுதான் வழி.

பழைய செட் போன வாரம் புகைவிட்டுச் செத்துவிட்டது. அதனால்தான் புது செட். நான்தான் பூட்டினேன். முதலாளி ஸம்சுதீன் நானாவின் வாகனச் சாமான் கடையில் இரண்டு வருடமாகப் பல்பும் சீட் கவரும் விற்றுக்கொண்டிருந்த நான், மாலை வகுப்பில் வாகன மின்வேலை படிக்க ஆரம்பித்த பிறகு, தனியாகக் கைவைத்த முதல் வேலை இது.

புதன்கிழமை காலை முடக்கில் வெறும் கரகரப்பு. இன்றும் அதேதான். மழை விட்டிருந்ததால் மேல் ரோட்டிலேயே இறங்கியிருக்கிறார். மூன்றாவது மதகைத் தாண்டியதும் பின்னால் ஒரு சத்தம். ஒரு டிராக்டர் லோட் அளவு மண்ணும் ஒரு ரப்பர் மரமும் ரோட்டுக்கு வந்துவிட்டன. பிள்ளைகள் யாருக்கும் ஒன்றுமில்லை. ஆறு மணிச் செய்தியில் எங்கள் பகுதியின் பெயரை வாசித்திருக்கிறார்கள். அவருடைய மனைவி விஜயகலா அக்கா வீட்டு டிவியில் கேட்டுவிட்டு மூன்று தடவை இவருக்கு ஃபோன் எடுத்துக் கூப்பிட்டாராம். அழைப்பு போகவில்லை.

"பஜாருக்குள்ள நல்லா பாடுது தங்கச்சி. மலை ஏறுனா வாய மூடிக்குது," என்றார்.

பக்கத்து டயர் கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். "பொம்பளப் புள்ள கைபட்டா ரேடியோவுக்கும் வெக்கம் வரும்தானே," என்று நானாவைப் பார்த்துச் சொன்னார். நானா சிரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஒரு மணித்தியாலம் வேனை விட்டுப் போகச் சொல்லி, செட்டை வெளியே எடுத்தேன். அன்டனா பிளக் ஆட்டமில்லாமல் இருந்தது. ஆனாலும் கழற்றித் துடைத்து மறுபடி ஏற்றினேன். எர்த் ஆணியைத் தேய்த்துச் சுத்தம் செய்தேன். பிறகு வகுப்பு நோட்டை விரித்து வயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். மஞ்சள், பேட்டரிக்கு. சிவப்பு, சாவிக்கு. கறுப்பு, எர்த்துக்கு. ஸ்பீக்கர் வயர் எட்டும் சோடி சோடியாகச் சரி. கடைசி வரியில், அன்டனா என்பதற்கு நேரே, நில் என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அதாவது ஒன்றுமில்லை; அன்டனா பிளக்கைச் சொருகினால் போதும், அதற்கென்று தனியாக வயர் கொடுக்க வேண்டியதில்லை.

அப்படிப் பார்த்தால் நான் செய்ததில் பிழை இல்லை. ஆனால் செட்டின் பக்கம் ஒரு வயரும் வேனின் பக்கம் ஒரு மெல்லிய வயரும் இணைக்காமல் மிஞ்சிக் கிடக்கின்றன. செவ்வாய்க்கிழமையே இதை நோட்டின் ஓரத்தில் "மிச்சம் இரண்டு" என்று குறித்திருந்தேன். அன்றே நானாவிடம் கேட்டும் இருந்தேன். "சைனா செட்டுண்டா நாலு வயர் மிஞ்சத்தான் செய்யும். டேப்ப சுத்தி உள்ள தள்ளு," என்றார். டேப் சுற்றித்தான் தள்ளியிருந்தேன்.

பஜாரில் போட்டுப் பார்த்தோம். தெளிவாக இருந்தது. உதயராஜ் அண்ணன் வேனை எடுத்துப் போனார். மாலை ஐந்தரைக்கு மலையில் தன் வீட்டுக்கு மேலே உள்ள பாறையில் ஏறி நின்று ஃபோன் எடுத்தார். அங்கே மட்டும்தான் அவருக்கு சிக்னல் வரும். மலையில் பழைய மாதிரியே கரகரக்கிறதாம்.

நாளைக்குப் பொசன் போயா, பௌர்ணமி விடுமுறை. சனி, ஞாயிறும் பள்ளிக்கூடம் இல்லை. திங்கள் காலை ஆறு மணி வரை எனக்கு நேரம் இருக்கிறது.

வெள்ளி

பஜாரில் பொசன் பந்தலுக்கு மின்சாரம் கொடுத்துவிட்டார்கள். பல்புகள் ஓடி ஓடி எரிகின்றன. எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கும் தன்சலில் பெலி மல் தண்ணீருக்கு, வில்வப் பூ பானத்துக்கு, வரிசை நிற்கிறது. கடை பூட்டியிருந்தாலும் சாவியைக் கேட்டு வாங்கிவந்து உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு என் நோட்டில் நம்பிக்கை உண்டு, என்னில்தான் இல்லை. வகுப்பில் படிப்பிக்கும் சேர் சொல்வது எல்லாம் சிங்களத்தில். தமிழ்ப் பிள்ளைகள் இரண்டே பேர். சேர் சொல்லச் சொல்ல நான் மனதிலேயே தமிழாக்கி எழுதிக்கொண்டு போவேன். அந்த வயர் பாடம் நடந்தது ஆறரைக்குக் கொஞ்சம் முன்னால். கடைசி பஸ்ஸுக்காகப் பாதிப் பேர் எழுந்து நின்றிருந்தார்கள். அவசரத்தில் ஏதாவது ஒரு வரியைத் தவறவிட்டிருப்பேனோ?

வகுப்பில் என் பக்கத்தில் இருக்கும் ஸாஜித்துக்கு ஃபோன் எடுத்தேன். அவன் சிங்கள மொழியில் பள்ளிக்கூடம் படித்தவன். நோட்டும் சிங்களத்தில்தான் எழுதுவான். வயர் பாடத்தை எடுத்துப் பார்க்கச் சொன்னேன்.

"அன்டனாவுக்கு நேர நில்தானே இருக்கு?"

தாள் புரளும் சத்தம் கேட்டது. "ஓ, நில். எனக்கும் நில்தான் ஈக்கி."

"நிச்சயமா?"

"எழுதி ஈக்கி லோஜினி. வேணுண்டா படிச்சுக் காட்டவா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு நோட்டிலும் ஒன்றுதான் என்றால் பிழை வயரில் இல்லை. அப்படியானால் அன்டனா கம்பியில், அல்லது அதன் கேபிளில், இல்லையென்றால் செட்டிலேயே கோளாறு. மூன்றையும் சனிக்கிழமை மாற்றிப் பார்ப்பது என்று எழுதிக்கொண்டேன். எழுதியதும் கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தது. பிறகு மழை பிடித்தது. தகரத்தில் விழும் சத்தத்தில் பந்தலின் ஒலிபெருக்கிகூடக் கேட்கவில்லை. அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். நான் வீட்டுக்குப் போனபோது, இந்த மழைக்கு நாளைக்கும் வெட்டு இல்லை, பால் நிறுக்கிற இடத்தில் பெயருக்கு நேரே நில் என்று போடுவார்கள் என்றார். நான் மேல் ரோட்டை நினைத்துக்கொண்டிருந்தேன்.

சனி

புதுக் கம்பி போட்டேன். சரிவரவில்லை. கேபிளை மீட்டரால் அளந்தேன், எங்கும் அறுந்திருக்கவில்லை. சிகரெட் லைட்டரில் சொருகியிருந்த ஃபோன் சார்ஜர் சில வேளை இரைச்சல் கொடுக்கும் என்பதால் அதைப் பிடுங்கினேன். கடையிலிருந்த இன்னொரு செட்டை மாற்றிப் பூட்டினேன். ஒவ்வொரு தடவையும் உதயராஜ் அண்ணன் என்னையும் ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டி முதல் ஏற்றம் வரை போனார். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில், சவுக்கு மரங்கள் தொடங்கும் இடத்தில், பாட்டு தேய்ந்து கரகரப்பு வந்தது. நான்காவது தடவை திரும்பும்போது உதயராஜ் அண்ணனே ரேடியோவை நிறுத்திவிட்டார்.

கடை செட்டிலும் அதே குறை என்றால் குறை செட்டில் இல்லை; அவருடையதையே திரும்பப் பூட்டினேன். கம்பியிலும் கேபிளிலும் இல்லை. மிஞ்சுவது நான் செய்த வேலை. ஆனால் இரண்டு நோட்டிலும் நில் என்று இருக்கிறதே.

நானா கல்லாப் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்தார். இனி அந்த வேனில் கைவைக்க வேண்டாம், ருவன்வெல்லையில் தனக்குத் தெரிந்த ஒரு மின்வேலை பாஸ் இருக்கிறார், நாளைக்கு அங்கே அனுப்புகிறேன் என்றார். என்னைத் திங்கட்கிழமையிலிருந்து மறுபடி கவுண்டரில் நிற்கச் சொன்னார். திட்டாமல்தான் சொன்னார். நான் தலையாட்டினேன்.

ருவன்வெல்லை பாஸ் ஃபோனில் சொன்னது, ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை, செவ்வாய்க்கிழமை வரட்டும் என்று.

திங்கட்கிழமை ஓட வேண்டாம் என்று நான் உதயராஜ் அண்ணனிடம் சொல்லிப் பார்த்தேன். அன்றுதான் பிள்ளைகளுக்குத் தவணைச் சோதனை ஆரம்பம். பெற்றோர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வியாழன் விழுந்த மண்ணை அள்ளிவிட்டார்கள்; பஸ்ஸில் போவதென்றாலும் அதுவும் மேல் ரோடுதான்.

"அப்ப தினமும் கீழ் ரோட்டிலயே போங்கண்ணே," என்றேன்.

"ஆறு பெருகினா அங்க தண்ணி ஏறும். எந்தப் பக்கம்னு சொல்றதுக்குத்தானே அந்தப் பொட்டி," என்றார்.

ஞாயிறு

காலையில் எழுந்ததும் ஒன்று தோன்றியது. நான் ஸாஜித்திடம் ஒரு வரியை மட்டும் கேட்டேன். அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் எழுதாமல் விட்ட வரி ஏதாவது இருந்தால்? முழுப் பக்கத்தையும் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். ஒன்பது மணிக்கு வந்தது.

சிங்களம் எனக்குத் தண்ணீர் மாதிரிப் பேச வரும். வாசிக்கத்தான் எழுத்தெழுத்தாகக் கூட்டவேண்டும். படத்தைப் பெரிதாக்கி விரலை வைத்து வாசித்தேன். கஹ, பேட்டரி. ரத்து, சாவி. களு, எர்த். நில், அன்டனா.

மறுபடி மேலிருந்து வாசித்தேன். கஹ என்றால் மஞ்சள். ரத்து என்றால் சிவப்பு. களு கறுப்பு. அதே வரிசையில், அதே நிறங்களுக்குக் கீழே, நில்.

நில் என்றால் நீலம்.

 கடையில் ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது "நில் பல்ப் எக்கக் தென்ன" என்று கேட்கிறார்கள். யோசிக்காமல் நீலப் பல்பை எடுத்துக் கொடுக்கிறேன். சேர் வாயால் சொன்னபோதும் எனக்கு நீலம் என்றுதான் விளங்கியிருக்கும். மற்ற மூன்றையும் தமிழாக்கி எழுதியவள், பஸ் அவசரத்தில் கடைசிச் சொல்லை மட்டும் கேட்டபடியே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டேன். பிறகு நோட்டைத் திறந்தபோது அது சிங்களமாக இருக்கவில்லை. அம்மாவின் பெயருக்கு நேரே எழுதுகிற நில்லாக இருந்தது. ஒன்றும் இல்லை. பூச்சியம்.

மிஞ்சிய அந்த வயர் நீல நிறம்தான். நானே டேப் சுற்றினேன்.

ஸாஜித்துக்கு ஃபோன் எடுத்தேன்.

"ஸாஜித், நில்னா நீலமா?"

"வேற என்ன?"

"நான் ஒன்னும் இல்லன்னு நெனச்சிட்டேன்."

 அவன் சிரிக்க ஆரம்பித்தான். "நல்ல வேள, செவப்ப நீ ரத்துண்டு எழுதல்ல. எழுதி ஈந்தா அந்த வயரையும் வெட்டிப் போட்டிருப்பாய்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வயரால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவன் தன் நோட்டைப் பார்த்துச் சொன்னான். சில வேன்களில் அன்டனாவின் அடியில் சிக்னலைப் பெருக்கும் சின்னப் பெட்டி ஒன்று இருக்கும். அதற்குக் கரன்ட் போவது நீல வயரால். கரன்ட் இல்லாவிட்டால் பஜார் மாதிரிக் கிட்டத்து இடத்தில் எடுக்கும், மலைக்குப் பின்னால் எடுக்காது. இதுவும் சேர் சொன்னதுதானாம். அப்போது நான் குடையைத் தேடிக்கொண்டிருந்திருப்பேன்.

நானாவுக்கும் சொன்னேன். அந்த வேனைத் தொட வேண்டாம் என்றவரிடம் கேட்காமல் போக மனம் வரவில்லை. நில் கதையை அவர் இரண்டு தடவை சொல்ல வைத்தார். பிறகு, "இந்த பஸ்ஸ விட்டா ரெண்டு மணிக்குத்தான் அடுத்தது. ஓடு," என்றார்.

மலையில் அவர் வீட்டுக்கு நான் போனபோது உதயராஜ் அண்ணன் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். மூன்று நாள் சேறு. விஜயகலா அக்கா பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். நான் அதைத் தொடவில்லை, நேரே டாஷ் மூடியைக் கழற்றினேன். நான்கு ஆணி, இரண்டு கொக்கி. டேப்பைப் பிரித்தேன். இந்தத் தடவை எதையும் நம்பி இணைக்கக்கூடாது என்று, வேன் பக்கம் மிஞ்சிய மெல்லிய வயர் எங்கே போகிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்தேன். முன்தூணின் உள்ளே ஏறி அன்டனாவின் அடிக்குப் போனது. நீல வயரை அதோடு முறுக்கி, டேப் சுற்றி, இழுத்துப் பார்த்தேன். பிறகு இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன்.

சாவியைத் திருகினேன். முற்றத்திலேயே பாட்டு வந்தது. பழைய செட் செத்த பிறகு இந்த முற்றத்தில் வேன் பாடிக் கேட்டதில்லை என்று அக்கா சொன்னார்.

"என்ன கோளாறு?" என்று உதயராஜ் அண்ணன் கேட்டார்.

செட்டில் ஒரு வயர் லூஸ் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். நான் நோட்டை எடுத்து அந்த வரியைக் காட்டி, நில் என்று எழுதியதையும், அதை இல்லை என்று வாசித்ததையும் சொன்னேன். பிழை செட்டில் இல்லை, என்னில்தான் என்றேன். அவர் நோட்டை வாங்கி நேரம் எடுத்துப் பார்த்தார்.

"நானும் இப்படித்தான் வாசிச்சிருப்பேன்," என்றார். நோட்டைத் திருப்பித் தந்தார். பிறகு ஈரத் துணியை முறுக்கிப் பிழிந்துகொண்டே சொன்னார். "அன்னைக்கிக் கண்ணாடியில திரும்பிப் பாத்தேன் தங்கச்சி. ரோடு தெரியல. மண்ணு மட்டும்தான் தெரிஞ்சுது. பின் சீட்டுல சின்னதுங்க ரெண்டு பாட்டுப் படிச்சுக்கிட்டு இருந்துச்சுங்க."

நான் டாஷ் மூடியை மறுபடி பூட்டினேன். 

மாலை ஆறு மணிச் செய்திக்கு முடக்குக்குப் போனோம். அவர் எஞ்சினை நிறுத்தினார். செய்தி தெளிவாக வந்தது. மண்சரிவு எச்சரிக்கையில் பகுதிகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தபோது நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். எங்கள் பெயர் நாலாவதாக வந்தது. நாளை மாலை வரைக்கும் எச்சரிக்கை. கீழே ஆற்றின் நீர்மட்டம் குறைகிறது என்றும் சொன்னார்கள்.

வேனைத் திருப்பிக்கொண்டு லயம் லயமாகப் போய், நாளைக்குக் கீழ் ரோடு, அரை மணி முந்தி வரவேண்டும் என்று சொன்னோம். நாலு வீட்டில் முணுமுணுத்தார்கள்.

"காலையில அந்தப் பொட்டி மறுபடி வாய மூடினா?" என்று அவர் என்னைக் கேட்டார்.

 "நானும் வேன்ல வாறேன்," என்றேன். இன்று இரவு அவர்கள் வீட்டில்தான் தங்குகிறேன். விஜயகலா அக்கா பாய் போட்டுத் தந்திருக்கிறார். மழை விடவில்லை.

திங்கள்

ஐந்து மணிக்கே பிள்ளைகளை ஏற்றிவிட்டோம். முடக்குக்கு வந்தபோது ஐந்தரை. கீழ் ரோடு என்று நேற்றே முடிவு செய்திருந்தாலும், ஆற்று நிலவரம் இரவில் மாறியிருக்கலாம் என்று உதயராஜ் அண்ணன் ஆறு மணி வரை காத்திருந்தார். பின்னால் பிள்ளைகள் தூங்கி வழிந்தார்கள். நான் முன் சீட்டில் டாஷ் மூடியில் கையை வைத்துக்கொண்டிருந்தேன். கையை வைத்தால் வயர் கழலாது என்பதுபோல.

செய்தி வந்தது. எங்கள் பெயர் இருந்தது. ஆறு இறங்கியிருந்தது. கீழ் ரோட்டில் போனோம்.

ஓரிடத்தில் பாதி ரோட்டுக்குச் சேறு கிடந்தது. எதிரே வந்த வாகனங்களுக்கு வழிவிட்டு ஊர்ந்து போனதில் முக்கால் மணித்தியாலம் போய்விட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேரும்போது சோதனை மணி அடித்துக் கால் மணித்தியாலம் ஆகியிருந்தது. வாசலில் நின்ற மாஸ்டர் மணிக்கூட்டைக் காட்டினார். அங்கேயே யாரோ சொன்னார்கள், மேல் ரோட்டில் இன்று மண் ஒன்றும் விழவில்லை, முதல் பஸ் நேரத்துக்கு வந்துவிட்டது என்று.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று புத்தகப் பையைத் தோளில் போட்டுக்கொண்டே என்னிடம் கேட்டது. "அப்ப என்னத்துக்கு அக்கா சுத்தி வந்தோம்?"

 உதயராஜ் அண்ணன்தான் சொன்னார். "உனக்குக் கணக்குச் சோதனை பயம்னு கேள்விப்பட்டேன். அதான் கால் மணி கொறைச்சுவிட்டேன். ஓடு."

கடை வாசலில் என்னை இறக்கிவிட்டார். மத்தியானம் பிள்ளைகளோடு மலை ஏறும்போது கரகரத்தால் திரும்பி வருவேன் என்றார். நல்லா இருந்தால் வரமாட்டேன் என்றார்.

நானா என்னைக் கவுண்டரில் நிற்கச் சொல்லவும் இல்லை, உள்ளே வேலைக்குக் கூப்பிடவும் இல்லை. நானே போய்க் கவுண்டரில் நின்றேன். இரண்டு மணிக்கு வேன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கடையைக் கடந்து போனது. மழைக்குக் கண்ணாடி எல்லாம் மூடியிருந்ததால் உள்ளே ரேடியோ பாடியதா என்று தெரியவில்லை. பாலத்துக்குப் பத்து நிமிடம், சவுக்கு மரங்களுக்கு இன்னும் ஐந்து நிமிடம். அங்கே திரும்பியிருந்தால் இரண்டரைக்கு இங்கே வந்திருக்க வேண்டும்.

மூன்றானது. நாலானது. பாலத்துப் பக்கமிருந்து வெள்ளை வேன் வரும்போதெல்லாம் நம்பரைப் பார்த்தேன். ஐந்தரைக்கு நானா கதவை இறக்கச் சொன்னார். அதுவரை அவர் வரவில்லை.